ஒட்டகம் எங்கயும் ஓடிடாது, மாப்ள

ராஜஸ்தானுக்கு டிக்கெட் போடப் போறியாமே மாப்ள? ஒங்கம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. ஜெய்ப்பூர்ல அரண்மனை, ஜோத்பூர்ல கோட்டை, ஜெய்சல்மேர்ல ஒட்டகம், ராத்திரிக்குக் கூடாரம், கூடாரத்துக்கு வெளியில ஆட்டம் பாட்டம். ஆபீசுல எல்.டி.சி.ன்னு ஊரு சுத்தப் பணம் குடுக்குறான், போகாம வுட்டா அவன்தான் என்னா நெனைப்பான்? மணலு பாக்கணும்னு ஒனக்கு அவ்ளோ ஆசை. நியாயம்தான். கொள்ளிடத்து மணலை லாரி லாரியா ஏத்தி அனுப்பிட்டோம். இனிமே மணலுன்னு ஒண்ணைப் பாக்கணும்னா தேசத்தோட அந்தக் கோடிக்குத்தான் போயாவணும்.

போயிட்டு வா. மாமன் குறுக்க நிக்கல. ஆனா கெழவன்கிட்ட சொல்லிக்கிட்டுப் போறவன் நாலு பேச்சு கேட்டுக்கிட்டுத்தான் போவணும், அது இந்த ஊரு வழக்கம். ஒட்டகத்துல ஒரு நாளைக் கொறைச்சுக்க. அது எங்கயும் ஓடிடாது. அந்த ஒரு நாளுக்கு பிகானேர்லேந்து வடக்க ரயிலேறி, சூரத்கர் தாண்டி, அனுமன்கர் ஜில்லாவுல பிலிபங்கான்னு ஒரு ஸ்டேஷன்ல எறங்கு. அங்கேந்து கிட்டத்துலதான் காலிபங்கன்னு ஒரு பழைய சிந்துவெளி ஊரு. மத்திய அரசு தொல்லியல் துறை 1983-ல அங்க ஒரு மியூசியம் தொறந்து வச்சிருக்கு. மூணே மூணு கூடம். ரெண்டுல ஹரப்பாக் காலத்துச் சாமான், ஒண்ணுல அதுக்கும் முந்துனது. என் மூத்தவன் அந்தப் பக்கம் பட்டாளத்துல இருந்தப்ப என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுனான். அதனாலதான் இவ்ளோ தெகிரியமா பேசுறேன்.

மியூசியம்னதும் மொகம் சுண்டுது பாரு. தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள 1951-லேந்து கலைக்கூடம் இருக்கு. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியைப் பாக்க சீமையிலேந்து வெள்ளக்காரன் வந்து மணிக்கணக்கா நிக்கிறான். நீ என்னா பண்ணுவ? மெட்ராசுலேந்து விருந்தாளி வந்தா வாசல்ல எறக்கி வுட்டுட்டு, "நீங்க பாத்துட்டு வாங்க, நமக்கு இதெல்லாம் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு"ன்னுட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்குவ. நீ பாத்தது அஞ்சாம் வகுப்புல, வாத்தியார் வரிசையில வுட்டப்ப, முன்னாடி நின்ன பையனோட பொடனியை.

அதனால முன்கூட்டியே சொல்லிடுறேன், பின்னாடி மாமன் ஏமாத்திட்டான்னு பேசாத. காலிபங்கன்ல ஒனக்குப் புடிச்சது ஒண்ணும் கெடையாது. கிரீடம் கெடையாது, ராசா படம் கெடையாது, வெளிச்சம் போட்டு யுத்தம் காட்ட மாட்டான். பானை, ஓடு, சுட்ட மண்ணு வளையலு, மண்ணுல புடிச்ச காளை, கல்லு உருண்டை, அரைக்கிற கல்லு, செங்கல்லு. நம்ம வூட்டுப் பரணை எறக்கி கண்ணாடிக்குள்ள வச்சா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும். பத்தாவது நிமிசத்துல ஒம் புள்ளை "அப்பா, ஐஸ்கிரீம்"ங்கும். ஒம் பொஞ்சாதி ஒன்னையப் பாக்குற பார்வைக்குப் பதில் இருக்காது. அப்ப தப்பிக்க ஒரே வழிதான். படம் புடிக்கிறவனா உள்ள போவாத, உழுதவன் பேரனாப் போ.

மொதல்ல, மண்ணு மூடி மேடாக் கெடந்த அந்த ஊரோட கதையைத் தெரிஞ்சுக்க. தெஸ்ஸித்தோரின்னு ஒரு இத்தாலிக்காரன். ராஜஸ்தானத்துப் பழைய பாட்டு, கதைப்பாடல் எல்லாம் தேடித் தொகுக்க 1910-களில் வந்தவன். ஒட்டகத்து மேல ஊர் ஊரா சுத்தும்போது இந்த மேடுங்களைப் பாத்து, இதுல என்னமோ இருக்குன்னு எழுதி வச்சான். என்னா இருக்குன்னு அவனுக்குத் தெரியறதுக்கு வாய்ப்பே இல்ல. ஏன்னா சிந்துவெளின்னு ஒண்ணு இருந்துச்சுன்னு ஜான் மார்ஷல் துரை உலகத்துக்குச் சொன்னதே 1924-ல. இவன் 1919-லியே பிகானேர்ல செத்துட்டான். முப்பத்திரெண்டு வயசு கூட ஆவல. 1950-களோட தொடக்கத்துல அமலானந்த கோஷ்ங்குறவரு வந்து பாத்து, அட, இது ஹரப்பாச் சமாச்சாரம்னு அடையாளம் சொன்னாரு. 1960-களில் பி.பி. லாலும் பி.கே. தாப்பரும் வருசா வருசம் தோண்டுனாங்க. 1969-ல தோண்டி முடிச்சாச்சு. முழு அறிக்கையோட மொதப் பகுதி எப்ப வந்துச்சு தெரியுமா? 2003-ல. அடுத்த பகுதி 2015-ல. தோண்டுனப்ப கூடை தூக்குன பையன் தாத்தாவாயிட்டான். பயிர் இன்சூரன்சு பணம் வரலன்னு கூட்டுறவு சங்கத்து வாசல்ல நின்னு கத்துறியே, இனிமே கத்தாத. அவன் சீக்கிரமாத்தான் குடுக்குறான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். அந்த ஊருக்குத் தென்கெழக்கால, கோட்டைச் செவருக்கு வெளிய, ஒரு வயலு கெடச்சுது மாப்ள. பானை எல்லா ஊர்லயும் கெடைக்கும். உழுத வயலு உழுதபடி கெடைக்குமா? சுமார் 4,800 வருசத்துக்கு முன்னாடி எவனோ ஏர் ஓட்டிட்டுப் போன சாலு, மண்ணு மூடி அப்படியே கெடந்துச்சு. தோண்டிப் பாத்ததுல உலகத்துலயே ரொம்பப் பழைய உழவு வயல்ல இது ஒண்ணுன்னு பெரியவங்க சொல்றாங்க.

அதை எப்படி உழுதிருக்கான்னு கேளு. கெழக்கு மேக்கா அடிக்கு ஒரு சாலு. அதுக்குக் குறுக்க, வடக்கு தெக்கா, ஆறடிச் சொச்சத்துக்கு ஒரு சாலு. கட்டம் போட்ட வேட்டி கணக்கா இருக்கேன்னு தோண்டுனவங்களுக்கு மொதல்ல புரியல. சுத்துப்பட்டு வயல்ல போயிப் பாத்தாங்க. அந்த ஊரு சம்சாரி அப்பவும் அப்படித்தான் உழுதுக்கிட்டு இருந்தான்! நெருக்கமான சால்ல கொள்ளு, அகலமான சால்ல கடுகு. கடுகு ஒசரமா வளரும், கொள்ளு தரையோட படரும். கடுகை வடக்கு தெக்கா நட்டா அதோட நெழலு காலையில மேக்கால சாயும், பொழுது சாய கெழக்கால சாயும், நடுவுல கொள்ளுக்கு வெயிலு கெடச்சிடும். ஊடுபயிர்னு வேளாண்மை ஆபீசர் புரொஜக்டர் போட்டு நமக்குச் சொல்லிக் குடுக்குறாரே, அதைப் புரொஜக்டர் இல்லாம பண்ணிருக்கான். சம்பா அறுக்குறதுக்குப் பத்து நாளு முன்னாடி, ஈரம் காயறதுக்குள்ள, நின்ன பயிருக்குள்ளயே ஒங்க தாத்தா உளுந்து வெதைப்பாரே, நெனப்பு இருக்கா? அவருக்கு மட்டும் இந்த வயலைக் காட்டியிருந்தா கட்டம் எதுக்குன்னு கேட்டிருக்கவே மாட்டாரு. சாலு கோணுதான்னுதான் பாத்திருப்பாரு.

கலப்பை எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. மரக்கலப்பை மக்கிப் போயிடும். ஆனா பக்கத்துல ஹரியானாவுல பனாவலின்னு ஒரு ஊரு, அங்க களிமண்ணுல செஞ்ச பொம்மைக் கலப்பை கெடச்சிருக்கு. புள்ளைக்கு வெளையாடக் கலப்பை செஞ்சு குடுத்திருக்கான் மனுசன். நம்மகிட்ட நெசக் கலப்பையே இப்ப பொம்மையாப் போச்சு. கும்பகோணம் பக்கம் ரிசார்ட்டுல வரவேற்பு மேசைக்கு மேல மாட்டி வச்சிருக்கான், வார்னிஷ் அடிச்சு. அதுல கொழு இருக்கவேண்டிய எடத்துல பல்பு எரியுது.

சரி, இவ்ளோ சொன்னதும் அந்த வயலைப் பாத்தே தீருவேன்னு நீ கெளம்பிப் போயி நிப்ப. அங்க என்னா தெரியும்? சிமெண்டு கல்லு தெரியும். ஆமாம் மாப்ள. தொறந்து கெடந்தா மழை, காத்து, ஆடு, மாடு எல்லாம் அழிச்சுப்புடும்னு திரும்ப மண்ணைப் போட்டு மூடி, சுத்தி சிமெண்டுத் தூணு நட்டு எல்லை காட்டியிருக்காங்க. கல்லு நட்ட நெலத்தைப் பாக்க இவ்ளோ தூரம் போவணுமா, நம்ம பைபாஸ்ல ஏறுனாலே ரெண்டு பக்கமும் அதானே இருக்குன்னு நீ கேப்ப. கேளு. அதைக் கேக்கணும்னுதான் ஒன்னைய அனுப்புறேன். அங்க கல்லு நட்டிருந்தா கீழ வயலு இருக்கு, தொடாதேன்னு அர்த்தம். இங்க கல்லு நட்டிருந்தா இனிமே இங்க வயலு கெடையாதுன்னு அர்த்தம்.

நம்மாளு கல்லு நடுறதுலயும் ஒரு நேர்த்தி இருக்கு, கொறை சொல்லக் கூடாது. மொத வருசம் தண்ணி வரலன்னு தரிசாப் போடுவான். ரெண்டாம் வருசம் வாய்க்காத் தலைப்பை எவனோ அடைச்சிட்டான்னு தரிசாப் போடுவான். மூணாம் வருசம் செம்மண்ணு லோடு எறங்கும். பொன்னி, சோழன், காவேரின்னு முன்னாடி ஒரு பேரு, கார்டன், சிட்டி, அவென்யூன்னு பின்னாடி ஒரு பேரு. காவேரி வராத எடத்துக்கு காவேரின்னு பேரு வக்கிறதுக்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேணும். 2020-ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்களே, படிச்சியா? எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதுசா வரக்கூடாது, தாமிரம் உருக்கக் கூடாது, பழைய கப்பலை உடைக்கக் கூடாது. நல்ல சட்டந்தான், இல்லைங்கல. நம்ம நாத்தங்கால்ல கப்பலை உடைக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் எவனும் வரல, இனிமேலும் வர மாட்டான்ங்கிற நிம்மதி வந்துச்சு. ஆனா வர்றவன் அளவு டேப்போட வர்றான். அந்தத் தடை அட்டவணையில வீட்டுமனைன்னு ஒரு வார்த்தை கெடையாது.

மியூசியத்துல அடுத்து செங்கல்லைப் பாரு. நகரக் கூடாது, நின்னு பாரு. ஹரப்பாக்காரன் வர்றதுக்கு முந்துன ஜனம் முப்பது சென்டிமீட்டர் நீளம், இருவது அகலம், பத்து கனம்னு பச்சைக்கல்லு அறுத்தாங்க. பின்னாடி வந்த ஹரப்பாக் காலத்துல அதே முப்பது நீளம், பதினஞ்சு அகலம், ஏழரை கனம். நாலுக்கு ரெண்டு, ரெண்டுக்கு ஒண்ணு. இந்தக் கணக்கு காலிபங்கன்ல மட்டும் இல்ல, நூத்துக்கணக்கான மைலு தள்ளி இருக்குற மொகஞ்சதாரோவுலயும் இதே கணக்கு. ஒன் வீட்டுக்குச் சேம்பர்லேந்து ரெண்டு லோடு கல்லு எறக்குனியே, ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சா? கொத்தனாரு அன்னிக்குப் பேசுன பேச்சை இப்ப சொன்னா ஒம் புள்ளை காதைப் பொத்திக்கும்.

தெருவையும் கேளு. சந்து ஆறடின்னா அடுத்தது பன்னெண்டடி, அதுக்கடுத்து பதினெட்டு, பெரிய தெரு இருவத்துநாலடிக்கு ஒட்டி. எல்லாம் ஆறோட மடங்கு. தெருவுக்குள்ள வீட்டை இழுத்துக் கட்டுற பழக்கம் கெடையாது, வாசல்ல உக்காந்து பேச அங்கங்க ஒரு திண்ணையை மட்டும் வுட்டு வச்சிருக்காங்க. திண்ணை ஆக்கிரமிப்பு ஆவாதுன்னு அன்னிக்கே தீர்ப்பாயிடுச்சு பாத்துக்க. தெரு முனையில வண்டிச் சக்கரம் வீட்டுச் செவரை இடிச்சுடாம மரக்கட்டை நட்டிருக்கான். நம்ம அக்ரகாரத்து மூலையிலயும் கீழத்தெரு மூலையிலயும் இதுக்குன்னே கல்லு நட்டிருந்துச்சு, நீ சின்னப் புள்ளையில ஏறிக் குதிச்சது. ரோடு போட வந்தவன் அதைப் பேத்துத் தள்ளிட்டான். இப்ப பஸ்ஸு செவரை இடிக்குது, பஞ்சாயத்து நடக்குது.

ஆத்துக் கதைக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளு. காலிபங்கனுக்கு ஒட்டி ஓடுறது கக்கர் ஆறு. ஓடுறதுன்னா, மழைக் காலத்துல வெள்ளம் வரும், மத்த நாள்ல வெறும் பள்ளம். ஒரு காலத்துல இமயமலைத் தண்ணி இதுல இரு கரையும் பொரள ஓடுச்சு, அது வத்திப் போனதால நாகரிகம் அழிஞ்சுதுன்னு ரொம்ப நாளாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. 2017-ல ஒரு ஆய்வு வந்து அதை மாத்திச் சொல்லுச்சு. சட்லெஜ் ஆறு இந்தப் பள்ளத்துல ஓடுனது நெசந்தான், ஆனா அது 8,000 வருசத்துக்கு முன்னாடியே வேற வழி மாறிடுச்சாம். ஊரு வந்ததோ அதுக்கு ரொம்பப் பின்னாடி. அதாவது பெரிய ஆறு ஓடுன கரையில இவன் வீடு கட்டல, பெரிய ஆறு வுட்டுட்டுப் போன பள்ளத்தோரம் கட்டியிருக்கான். ஏன்னா வெள்ளம் வந்து ஊரை வாரிக்கிட்டுப் போவாது, மழைத் தண்ணி வந்து ஈரத்தை மட்டும் வுட்டுட்டுப் போவும்.

எவ்ளோ சூட்டிகை பாத்தியா? மிச்ச ஈரத்துல கொள்ளும் கடுகும், பார்லியும் கோதுமையும் போட்டுக்கிட்டு, கட்டம் கட்டமா ஊரைக் கட்டி, பல நூறு வருசம் ஓட்டிட்டான். அவனுக்கு மேட்டூர் கெடையாது. 93 டி.எம்.சி. தேக்கி வக்க அணை கெடையாது. நமக்கு 1934-லேந்து மேட்டூர் இருக்கு. ஜூன் 12-ல தெறக்கணும்னு ஒரு தேதி இருக்கு. 2022-ல மே 24-லியே தெறந்தாங்க, நாம தூர்வாரி முடிக்கலைன்னு கத்துனோம். 2024-ல ஜூலை 28 ஆச்சு, குறுவை போச்சேன்னு கத்துனோம். ரெண்டு கத்தலும் நெசந்தான், நானும் சேந்துதான் கத்துனேன். ஆனா தண்ணி கொறைஞ்சா இந்த மண்ணுல என்னா போடுறதுன்னு கேட்டா, நம்மகிட்ட உள்ள ஒரே பதில் மறுபடியும் நெல்லு, இல்லாட்டிக் கல்லு.

கடைசியில மழையும் கொறைஞ்சுது. சுமார் 4,000 வருசத்துக்கு முன்னாடி பருவமழை தளந்துது, ஜனம் கொஞ்சம் கொஞ்சமா கெழக்கப் பாத்து நகந்துட்டாங்க. யுத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல. மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். நம்ம கடைமடையில பாதித் தெரு திருப்பூருக்குப் போன கதைதான், பஸ்ஸு மட்டும் கெடையாது.

இப்ப அங்க போயி நின்னா ஒனக்கு ஒரு வேடிக்கை காத்துக்கிட்டு இருக்கு. பிகானேர் ராசா கங்கா சிங் 1927-ல சட்லெஜ்லேந்து கால்வாய் வெட்டிக் கொண்டாந்தாரு. அப்புறம் 1958-ல வேலை தொடங்கி இந்திரா காந்தி கால்வாய் வந்துச்சு. பாலைவனம் பச்சையாயிடுச்சு. கக்கர் பள்ளத்துல என்னா போட்டிருக்கான்னு நெனைக்கிற? நெல்லு! நெசமாத்தான் சொல்றேன். களிமண்ணுப் பள்ளம், தண்ணி நிக்கும், நட்டுட்டான். நான் வரப்புல எறங்கிக் கதிரை உருவிப் பாத்தேன், மூத்தவன் மானம் போவுதுன்னு வண்டிக்குள்ள ஏறிட்டான். ராஜஸ்தான்ல நெல்லு வெளையுது, தஞ்சாவூர் ஜில்லாவுல மனைப்பிரிவு வெளையுது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒட்டகத்தையும் மாத்தி வுட்டுட்டா கணக்கு நேராயிடும். அவனுக்கும் மேட்டுக்காரன் பஞ்சாப்காரன் தண்ணி வுட்டாத்தான் உண்டு, கால்வாயோட வாலுல இருக்குறவன் அங்கயும் பொலம்பத்தான் செய்யுறான். அந்த ஒரு விசயத்துல பாஷை தெரியாமலே அவனோட பேசிக்கலாம்.

மறுபடி காலிபங்கனுக்கே வர்றேன். அங்க கோட்டை மேட்டுல ஒரு மேடையில வரிசையா ஏழு குழி இருந்துச்சு, சாம்பலோட. வேள்விக் குண்டம்னு ஒரு கட்சி, இல்ல, ஏதோ அடுப்புத்தான்னு ஒரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. நீ அதுல தலையைக் குடுக்காத, வாட்ஸ்ஆப்புல குடுத்துக்கலாம். எனக்கு அதைக் கேட்டதும் வேற கவலை வந்துடுச்சு. இன்னும் நாலாயிரம் வருசம் கழிச்சு நம்ம பக்கம் ஒருத்தன் தோண்டுவான்ல? நாப்பதடிக்கு ஒரு சிமெண்டு கல்லு, அறுபதடிக்கு ஒரு சிமெண்டு கல்லு, ஒவ்வொண்ணுலயும் மஞ்சப் பூச்சு, கறுப்புல ஒரு நம்பரு. வீடு இருக்காது, அடுப்பு இருக்காது, பானை இருக்காது, கல்லு மட்டும் மைலுக் கணக்கா நிக்கும். என்னான்னு எழுதுவான்? இந்த ஜனங்க கல்லைக் கும்புட்டாங்க, கல்லுக்கு நெலத்தைப் பலி குடுத்தாங்கன்னு எழுதுவான். அதை மறுத்து இன்னொரு கட்சி வரும், இல்ல, இது வானத்தைப் பாத்து நாளு குறிச்ச எடம்னு. ரெண்டு கட்சியிலயும் ஒருத்தனுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசுன்னு தோணாது.

எழுத்துச் சங்கதி ஒண்ணு பாக்கி இருக்கு. சிந்துவெளி எழுத்து வலதுலேந்து இடதா ஓடுதுன்னு காட்டிக் குடுத்ததுல காலிபங்கன்ல கெடச்ச ஒரு ஓட்டுத் துண்டுக்குப் பங்கு உண்டு. அதுல கீறுன குறி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. எந்தக் கீறலு எந்தக் கீறலை வெட்டிக்கிட்டுப் போவுதுன்னு பி.பி. லால் உத்துப் பாத்தாரு. வெட்டுறது பின்னாடி போட்டது, வெட்டுப்பட்டது முன்னாடி போட்டது. தச்சு ஆசாரி மரத்தைப் பாத்தாலே எந்த உளி மொதல்ல வுழுந்துச்சுன்னு சொல்லிடுவாரே, அந்தப் பார்வைதான். என்னா எழுதியிருக்குன்னு மட்டும் இன்னும் எவனாலயும் ஒத்துக்கிற விதமாப் படிக்க முடியல. 2025 ஜனவரியில அப்ப இருந்த நம்ம முதலமைச்சர், படிச்சுக் காட்டுறவனுக்குப் பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சுட்டாரு. அன்னிக்குச் சாயந்திரமே நம்ம டீக்கடையில மூணு பேரு படிச்சு முடிச்சுட்டான். மூணு பேரும் மூணு விதமா.

அது வடக்க கெடக்குற சமாச்சாரம், நமக்கென்னான்னு நீ கையை ஒதறிட முடியாது. மாயவரத்துக்குப் பக்கத்துல செம்பியன்கண்டியூர்னு ஒரு ஊரு இருக்கு. 2006-ல அங்க ஒரு வாத்தியாரு, வீட்டுக் கொல்லையில கன்னு வக்கக் குழி வெட்டுனாரு. கல்லுக் கோடாலி கெடச்சுது. கல்லே இல்லாத வண்டல் பூமியில கல்லுக் கோடாலி! அதுல ஒண்ணுல நாலு குறி. ஐராவதம் மகாதேவன் பாத்துட்டு, இது சிந்துவெளி எழுத்துத்தான், பெரிய கண்டுபிடிப்புன்னாரு. இல்லைங்கறவங்களும் இருக்காங்க. அந்தத் தகராறு படிச்சவங்களோடது. நான் மெச்சுறது அந்த வாத்தியாரை. மம்பட்டியில கல்லு பட்டதும் தூக்கிக் கொல்லை மூலையில எறியாம, கழுவிப் பாத்தாரு பாரு. போன வருசம் ஒன் கொல்லையில போர் போட்டப்ப வெளிய வந்த பானை ஓட்டையெல்லாம் என்னா பண்ணுன? பாதைக்குப் போட்டு அமுக்கிட்ட. நான்தான் பாத்தேனே.

சரி, பொழுதாவுது. எப்பப் போவணும்னு கேட்ட. சித்திரை வைகாசியில போனா அங்க அடிக்கிற வெயில்ல நீயும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் படுக்கணும். தை மாசம் போ. கடுகு பூத்து பூமி மஞ்சளாக் கெடக்கும், குளிரும் தாங்குற அளவுல இருக்கும். தையில இங்க அறுப்பாச்சேன்னு சாக்குச் சொல்லாத மாப்ள, நீ எந்த வருசம் அறுப்புக்கு வந்த? டிராக்டர்காரன், மெசின்காரன், கொள்முதல் நெலையத்துக்காரன் எல்லாரையும் நான் பாத்துக்குறேன், நீ பணத்தை மட்டும் போன்ல அனுப்பு. அங்க தண்ணிப் பாட்டில் கையோட கொண்டு போ, மேட்டுல நடக்கத் தேஞ்ச செருப்பு போடாத, தரையில கெடக்குற வளையல் துண்டை ஒம் பொண்ணு ஆசைப்பட்டு எடுத்துப் பையில போட்டா வாங்கி அங்கயே வச்சுடு, எடுத்துக்கிட்டு வர்றது குத்தம்.

இன்னொண்ணு. நல்ல நாளாச்சேன்னு ஒங்கம்மா வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போகச் சொல்லும். கேக்காத. வெள்ளிக்கிழமை அந்த மியூசியம் லீவு.